கருமருந்துப் பிஸ்டலுக்கு எந்தக் கெட்டிக்கும் தாங்கி? வெறுங்கை, மரக்கவை, பெட்டி, பற்றிரும்பு ஓர் ஒப்பீடு

குழலின் வாய்வழியாகக் கருமருந்து என்கிற பழைய வகை வெடிமருந்தைக் கெட்டிக்கும் பிஸ்டலைச் சுட ஒரு கை போதும். கெட்டிக்க மூன்று கை வேண்டும். பிஸ்டலைப் பிடிக்க ஒன்று, புனலைப் பிடிக்க ஒன்று, மருந்துக் குப்பியைக் கவிழ்க்க ஒன்று. அந்த மூன்றாவது கையின் வேலையைச் செய்வதுதான் லோடிங் ஸ்டாண்ட் என்கிற கெட்டிக்கும் தாங்கி. பிஸ்டலை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைக்கும். இரண்டு கையும் நமக்கு மிஞ்சும்.

போட்டியில் சுடுகிறவருக்கு நேரமும் ஒரு காரணம். இந்தப் போட்டிகளை உலக அளவில் நடத்தும் எம்.எல்.ஏ.ஐ.சி. அமைப்பின் தனிநபர் பிஸ்டல் பிரிவுகளில் 25 மீட்டர் தூரத்தில் 30 நிமிடத்துக்குள் 13 குண்டு சுட வேண்டும். அதில் சிறந்த 10 கணக்கில் வரும். ஒரு குண்டுக்குச் சுமார் 2 நிமிடம் 18 விநாடி. மருந்து போட்டு, குண்டு இறக்கி, தேவைப்பட்டால் குழலைத் துடைத்து, குறி பார்த்துச் சுடுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கூகன்ராய்ட்டர் பிரிவு கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் ஒற்றைக்குழல் பிஸ்டலுக்கு, கொமினாட்சோ சிக்கிமுக்கிப் பிஸ்டலுக்கு, மரியெட் கேப் ரிவால்வருக்கு. மூன்றுக்கும் ஒரே தாங்கி சரிப்படாது. முதலில் ஒற்றைக்குழல் பிஸ்டலைப் பார்ப்போம். ரிவால்வரைப் பிறகு தனியே எடுத்துக்கொள்வோம்.

தாங்கி இல்லாமல்

பிஸ்டலைத் தொடையில் ஊன்றியோ, முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியோ, மேசையில் பிடியை வைத்து இடது கையால் பிடித்தோ கெட்டிக்கிறவர்கள் நிறைய. காட்டில் வேட்டைக்குப் போகிறவருக்கு வேறு வழியும் இல்லை. செலவும் சுமையும் கிடையாது என்பது மட்டுமே இதற்குச் சாதகம்.

பாதகம் குழலுக்குள்ளே நடக்கிறது. கையில் பிடித்த பிஸ்டல் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். முந்தைய சூட்டின் கசடு படிந்த சுவரில் மருந்துப் பொடி உரசி ஒட்டிக்கொள்ளும். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாகவே மிஞ்சுகிறது; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகும். 20 கிரெய்ன் மருந்தில் (1.3 கிராம்) ஒரு கிரெய்ன் சுவரில் தங்கினால் இருபதில் ஒரு பங்கு போயிற்று. குப்பிகளில் பத்தில் ஒரு கிரெய்ன் வரை நிறுத்துக் கொண்டுவந்த உழைப்பு வீண்.

அடுத்தது குண்டை உள்ளே தள்ளும் திணிகோல். ஒரு கையால் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்தும்போது கோல் நேராக இறங்காமல் குழல்வாயின் விளிம்பை உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் குண்டு வெளியேறும்போது வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குறியைக் கெடுக்கும். குழல் புதிதாக இருக்கும்போது இது தெரியாது. தெரிய வரும்போது விளிம்பைத் திருத்தக் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, கை. நழுவும் பிஸ்டலைப் பிடிக்கப் போகும் விரல் இயல்பாகக் குழல்வாய்க்கு நேரே போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சுடுகளத்தில் தாங்கி இல்லாமல் கெட்டிக்க வேண்டாம் என்பேன்.

மரக்கவைத் தாங்கி

அடிப்பலகை, அதிலிருந்து எழும் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் குழலைச் சாய்த்து வைக்க ஒரு கவை, கீழே பிடியை ஏந்தும் ஒரு குழி. எளிமையானது, தச்சரிடம் சொன்னால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் கடையில் விற்பதிலும் வீட்டில் செய்வதிலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில் கோட்டை விடுகின்றன: பிடியை எங்கே தாங்குவது என்பதில்.

பிஸ்டலை வாய் மேலாக நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். பிடி வளைந்து முன்பக்கமாக, அதாவது விசைக்காப்பு இருக்கும் பக்கமாகப் போகிறது. பிடியின் அடி நுனி குழலின் நேர்கோட்டிலிருந்து கணிசமாக விலகி நிற்கிறது. திணிகோலை அழுத்தும் விசை குழலின் நேர்கோட்டிலேயே இறங்கும். அடி நுனி மட்டும் குழியில் ஊன்றியிருந்தால், நீங்கள் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் பிடியின் மெலிந்த கழுத்து வளைக்கப்படுகிறது. மரத்தின் ரேகை அங்கே குறுக்காக ஓடினால் விரிசல் அங்கேதான் விழும். பழைய அசல் பிஸ்டல்களுக்கு இது உண்மையான ஆபத்து. 150 ஆண்டு தாண்டிய அக்ரூட் (வால்நட்) மரத்தில் எண்ணெய் ஊறிப் பலம் குறைந்திருக்கும்.

ஆகவே குழலின் நேர்கோட்டைக் கீழே நீட்டினால் அது பிடியின் முதுகில் எந்த இடத்தில் வெளியேறுகிறதோ, அந்த வளைவுக்கு அடியில் ஒரு கட்டை இருக்க வேண்டும். பிடியின் முதுகு வளைவை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை வைத்துக் கட்டையைக் குடைந்து, மேலே 3 மில்லிமீட்டர் கம்பளித்துணியோ தோலோ ஒட்டினால் போதும். பாரம் முதுகில் இறங்கும். அடி நுனி சும்மா நிற்கும். ஒரு பிஸ்டலுக்கு வெட்டிய கட்டை இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பது இதன் குறை. கட்டையைத் திருகாணியில் மாட்டிக் கழற்றும்படி வைத்தால் இரண்டு பிஸ்டலுக்கு ஒரே தாங்கி போதும்.

மற்ற அளவுகள். அடிப்பலகை 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் 20க்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பிஸ்டலுக்குக் கவை 26 முதல் 28 சென்டிமீட்டர் உயரத்தில் வரலாம். கவையின் வாய் குழலின் அகலத்தைவிடத் தோலோடு சேர்த்து 2 மில்லிமீட்டர் மட்டும் கூடுதல். அதற்கு மேல் போனால் பிஸ்டல் ஆடும். முன்குறி கவையில் படவே கூடாது. குறிகள் உள்ள பக்கம் திறந்திருக்கட்டும், மரம் உள்ள அடிப்பக்கம் கவையில் சாயட்டும். பிஸ்டல் செங்குத்திலிருந்து 5 முதல் 10 பாகை வரை, உங்களிடமிருந்து விலகி இலக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். முகத்துக்கு நேரே குழல்வாய் வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கடைசியாக, அடிப்பலகையை இரண்டு ஜி-கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். எவ்வளவு கனமான பலகையானாலும் கிளாம்ப் இல்லாவிட்டால் நகரும்.

ஆணி, திருகு எல்லாம் பித்தளையாக இருப்பது நல்லது. மருந்து சிந்தும் இடத்தில் எஃகும் எஃகும் உரசுவதைத் தவிர்க்க முடிந்தால் ஏன் தவிர்க்கக் கூடாது?

பெட்டியோடு சேர்ந்த தாங்கி

சாமான்கள் எல்லாம் அடங்கும் மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் கம்பமும் கவையும் பெட்டியின் மேலேயே செருகி நிற்கும். ஒரே கைச்சுமையாகத் தூக்கிப் போகலாம். பெட்டியின் பாரமே தாங்கியை அசையாமல் வைக்கும். பார்க்கவும் அழகாக இருக்கும்.

எனக்கு இதில் இரண்டு ஆட்சேபம் உண்டு. முதலாவது உயரம். 75 சென்டிமீட்டர் மேசை மேல் வெறும் அடிப்பலகை வைத்தால் குழல்வாய் ஏறக்குறைய 115 சென்டிமீட்டரில் வரும். சராசரி உயரமுள்ளவருக்கு முழங்கைக்குச் சற்று மேலே. அங்கிருந்து உடல் பாரத்தைக் கொடுத்து நேராக அழுத்தலாம். 15 சென்டிமீட்டர் பெட்டி நடுவில் வந்தால் வாய் 130க்கு ஏறிவிடும். தோளைத் தூக்கி, கையை மடக்கி அழுத்த வேண்டும்; கோல் சாயும்; முகமும் வாய்க்கு அருகில் வரும். சுடுகளத்து மேசைகள் பல 75 சென்டிமீட்டருக்கும் கூடுதலாகவே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குள்ளமானவர்களுக்கு இது சரிப்படவே படாது.

இரண்டாவது, தாங்கியின் அடியிலேயே மருந்துக் குப்பிகளும் கேப் டப்பியும் இருக்கின்றன. மூடிய குப்பிகள்தாம் என்றாலும், தீப்பொறி விழ வாய்ப்புள்ள இடமும் மருந்து இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கலாகாது. பெட்டியை வாங்கினாலும் குப்பிகளை அரை மீட்டர் தள்ளி ஒரு மூடிய கட்டையில் வையுங்கள். அப்படி வைத்த பிறகு பெட்டியின் வசதி பாதி போய்விடுகிறது.

பற்றிரும்பும் சரிசெய்யும் உலோகத் தாங்கியும்

பற்றிரும்பில் (பட்டறை வைஸ்) பிஸ்டலைக் கடித்துப் பிடிக்க வைப்பது துடைத்துக் கழுவ நல்லது, கெட்டிக்க உதவாது. இறுக்கவும் தளர்த்தவும் நேரம் போகும். முன்மரம் மெல்லியது, இறுக்கத்தில் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து கெட்டித்த பிஸ்டலோடு திருகிப் போராடுவது தவறு. கெட்டித்த பிஸ்டலை ஒரே அசைவில் தூக்க முடிய வேண்டும்.

கவையின் உயரத்தையும் பிடிக்குழியின் இடத்தையும் மாற்றக்கூடிய அலுமினிய, நைலான் தாங்கிகள் வேறு வகை. பல நீளப் பிஸ்டல்கள் வந்துபோகும் சங்கத்துக்கு இவைதாம் ஏற்றவை. ஒருவருக்கு ஒரு பிஸ்டல் என்றால் மரக்கவையே மேல். உலோகத் தாங்கியில் மூட்டுகள் இருக்கும்; மூட்டு உள்ள இடமெல்லாம் நாளடைவில் ஆட்டம் காணும்.

எதை வாங்கினாலும் செய்தாலும் காலி பிஸ்டலோடு ஒரு சோதனை வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் தராசைத் தரையில் வைத்து, அதன் மேல் தாங்கி, அதில் பிஸ்டல், உள்ளே திணிகோல். மெல்ல அழுத்தித் தராசைப் பாருங்கள். கூடுதலாக 15 கிலோ காட்டும்போது கவை எவ்வளவு அசைகிறது, பிடி குழியில் நகர்கிறதா, பிடியின் கழுத்தில் ஏதாவது முறுக்கல் தெரிகிறதா என்று கவனியுங்கள். அதே தராசில் இன்னொரு பயிற்சியும் செய்யலாம்: கண்ணை மூடி அழுத்தி, நிறுத்தி, எண்ணைப் பார்ப்பது. 12 கிலோவா 18 கிலோவா என்பது பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே எண் வர வேண்டும். மருந்து ஒரே அளவு நெருங்கினால்தான் குண்டின் வேகமும் ஒரே மாதிரி இருக்கும். தாங்கிக்குக் கொடுக்கும் காசுக்கு உண்மையில் கிடைப்பது இந்த ஒழுங்குதான்.

தாங்கியில் வேலை போகும் வரிசை

.45 குழலுக்கு .440 அங்குலத் தூய ஈயக் குண்டும், 0.010 முதல் 0.015 அங்குலத் தடிப்புள்ள மசகிட்ட பருத்தித் துணியும் வழக்கம். குண்டின் எடை சுமார் 128 கிரெய்ன், அதாவது 8.3 கிராம். மருந்து மூன்று எஃப் என்கிற நுண்மணி ரகம். 25 மீட்டருக்கு 15 முதல் 25 கிரெய்னுக்குள் பெரும்பாலான பிஸ்டல்கள் நன்றாகக் குறி சேர்க்கும். பிஸ்டலைச் செய்தவர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டவே வேண்டாம். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது, குழல் வெடிக்கும்.

நாளின் முதல் குண்டுக்கு முன் குழலின் எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சுடும் கோட்டில் நின்று இரண்டு வெறும் கேப் வெடிக்க வேண்டும். குழல்வாயைப் புல்லுக்கோ காகிதத் துண்டுக்கோ நேரே காட்டினால் அது அசைவது வழி திறந்திருப்பதைச் சொல்லும். பிறகுதான் தாங்கி.

கேப்பை அடிக்கும் குதிரை பாதி இழுத்த அரைநிலையில், கேப் மாட்டும் துளை முளையான நிப்பிள் வெறுமையாக, மெல்விசை (விசையை இலேசாக்கும் ஏற்பாடு) உள்ள பிஸ்டலில் அதை ஏற்றாமல் வையுங்கள். திணிகோலைக் காலிக் குழலில் இறக்கி, கோலில் போட்ட ‘காலி’ என்ற கோடு வாய்க்கு நேரே நிற்கிறதா என்று பாருங்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளப் பித்தளைப் புனல்குழாயை உள்ளே அடிவரை இறக்கி, பின் ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து, ஒரு குப்பி மருந்தை மெல்லக் கொட்டுங்கள். கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேரே கொட்டக் கூடாது. உள்ளே ஒரு கனல் மிஞ்சியிருந்தால் 20 கிரெய்ன் பற்றினால் கை சுடும். அரைக் கிலோ பற்றினால் நிலைமை வேறு. எம்.எல்.ஏ.ஐ.சி. விதியும் ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாக அளந்து வைத்த மருந்தைத்தான் அனுமதிக்கிறது. காலியான குப்பியை உடனே தலைகீழாகக் கட்டையில் வையுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மருந்து போட்டோமா இல்லையா என்பதைக் குப்பி சொல்லும்.

புனலை எடுத்துவிட்டுக் குழலை விரலால் மூன்று தட்டு. துணி, அதன் மேல் குண்டு, வார்ப்பின் காம்புத் தழும்பு நேர் மேலே. குட்டைத் தள்ளியால் ஒரு தட்டில் உள்ளே இறக்கி, பிறகு திணிகோல். கோலை விரல் நுனிகளால் குழல்வாய்க்கு மேலே 15 சென்டிமீட்டரில் பிடித்து, சிறு சிறு தள்ளாக இறக்க வேண்டும். கோலின் தலையை உள்ளங்கையால் மூடி அழுத்தக் கூடாது. குதிரை அரைநிலையில் இருப்பதால் உள்ளேயிருக்கும் காற்று நிப்பிள் வழியே போகும், போகிற போக்கில் பொடியையும் வழிக்குள் தள்ளிவிடும். குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததும் ஒரே சீரான ஓர் அழுத்தம். இடித்தால் ஈயம் தட்டையாகும். ‘கெட்டித்தது’ என்ற இரண்டாவது கோடு இப்போது வாய்க்கு நேரே வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் குண்டு பாதியில் நிற்கிறது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டுச் சுட்டால் குழலில் வளையம் போலப் புடைப்பு விழும், குழல் பாழ்.

கேப் மட்டும் தாங்கியில் ஒருபோதும் வைக்க வேண்டாம். பிஸ்டலைத் தூக்கி, சுடும் கோட்டில் குழல் இலக்கைப் பார்த்த பிறகே கேப். வெடிக்காமல் போனால் தாங்கிக்குத் திரும்பாமல் குறைந்தது ஒரு நிமிடம் குழலை இலக்குப் பக்கமே வைத்திருந்து, பிறகு வேறு கேப் போடுங்கள்.

மருந்து போடாமலே குண்டை இறக்கிவிட்டால் பதற வேண்டாம். நிப்பிளைக் கழற்றி அந்தத் துளைவழியே சில கிரெய்ன் மருந்தைத் தட்டி உள்ளே செலுத்தி, நிப்பிளை மாட்டி, குண்டு அடிவரை இருப்பதைக் கோலால் உறுதிசெய்து, இலக்கை நோக்கிச் சுடலாம். கரியமில வாயுக் குப்பியால் ஊதித் தள்ளும் கருவி இருந்தால் இன்னும் எளிது. அப்போதும் குழல் இலக்குப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

ரிவால்வர் என்றால் கணக்கு வேறு

ரிவால்வரில் மேலிருந்து யாரும் அழுத்துவதில்லை. குழலுக்கு அடியிலிருக்கும் நெம்புகோலைக் கீழே இழுக்கிறோம். இழுப்பு பிஸ்டலைப் பக்கவாட்டில் கவிழ்க்கப் பார்க்கும். குண்டு, அது போகும் சிலிண்டர் அறையைவிடச் சற்றுப் பெரியது; .44 ரிவால்வருக்கு .451 அல்லது .454 அங்குலம். உள்ளே போகும்போது மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். அதற்கான பலம் கொடுக்க வேண்டும். எனவே உயரக் கவையைவிட அகல அடிப்பலகையும் கிளாம்பும் முக்கியம்.

இங்கே இன்னொரு வழியும் உண்டு: சிலிண்டரை மட்டும் கழற்றித் தனி அழுத்தியில் கெட்டிப்பது. ரெமிங்டன் வகையில் நெம்புகோலைக் கொஞ்சம் இறக்கி, சிலிண்டரின் அச்சான ஊசியை இழுத்தால் சிலிண்டர் கையில் வந்துவிடும். அழுத்தியின் நீண்ட கைப்பிடியில் ஆறு அறைக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். மருந்துக்கு மேல் உப்புமா ரவையை நிரப்பிக் குண்டை அறையின் வாய்க்கு அருகே உட்கார வைக்கிறவர்களுக்கு இந்தச் சீர்மை மிகவும் உதவும். சட்டகத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலுக்கும் ஆயுள் கூடும். அழுத்தியின் அடித்தட்டில் நிப்பிள்கள் படாமல் பள்ளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிலிண்டரைச் சட்டகத்தில் மாட்டிய பிறகே கேப். கேப் வைத்த சிலிண்டர் கைதவறி விழுந்தால் வெடிக்கும்.

கோல்ட் வகை திறந்த சட்டகத்தில் ஒவ்வொரு முறையும் குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்ற வேண்டும். ஆப்பும் அதன் துளையும் தேய்ந்து குழல் தளரும். அதற்குத் தாங்கியில் நிறுத்தி நெம்புகோலால் கெட்டிப்பதே சரி. ரெமிங்டனுக்கு அழுத்தி, கோல்ட்டுக்குத் தாங்கி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிலிண்டரை வெளியே கெட்டிக்க உங்கள் களத்தின் விதி இடம் தருகிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கிமுக்கிப் பிஸ்டலுக்கு ஒற்றைக்குழல் மரக்கவையே போதும். குதிரையை முழுக்க இறக்கி, எஃகுத்தட்டைத் திறந்து, குழலின் பக்கத்தில் தீ நுழையும் பற்றுவாய்த் துளையில் ஒரு பித்தளை ஊசியைச் செருகிக் கெட்டியுங்கள். ஊசியை உருவினால் மருந்துக்குள் தீ போக ஒரு நேர்வழி கிடைக்கும். பற்றுவாய்க்கு வெளியே உள்ள கிண்ணியில் பற்றுமருந்து போடுவது கேப்பைப் போலவே கோட்டில் நின்ற பிறகுதான். பூட்டு வரும் இடத்தில் கம்பத்தைக் குடைந்து ஒதுக்கியிருந்தால் குதிரையும் தட்டும் அதில் இடிக்காமல் இருக்கும். வாங்கும்போது பூட்டு இருக்கும் வலப்பக்கத்தைக் கவனியுங்கள்.

தாங்கியின் தோலும் கம்பளியும் மசகையும் கசடையும் குடித்துக்கொண்டே இருக்கும். கெட்டியான தோல் குழலின் பளபளப்பைத் தேய்க்கும். கசடு ஊறிய கம்பளி ஈரம் பிடித்துத் துருவைக் கொடுக்கும். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். விரலால் அழுத்தினால் அமுங்காத நாள் வந்ததும் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். சிந்திய மருந்தைத் தண்ணீர் நனைத்த துணியால் எடுக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் மேசை முழுக்கப் பரப்பக் கூடாது.